நூகு வாயடைத்த கேள்விகள்

வண்ணார்பேட்டை கண் ஆஸ்பத்திரியிலிருந்து நூகுவுக்குத் திங்கட்கிழமைக்கு அப்புறம் போனே வரவில்லை. இன்னொருவராக இருந்தால் விட்டது தொல்லை என்று காலை நீட்டிப் படுத்திருப்பார். நூகுவுக்குச் சனிக்கிழமை காலையில் இட்லி இறங்கவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தார். மேலப்பாளையத்தில் அவர் வீடு ஒன்றும் பெரிய வீடில்லை. நாலு எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும். சுவர் வந்ததும் திரும்பினார்.

"ஏங்க, கால்ல சக்கரமா கட்டியிருக்கு? ஒரு எடத்துல இருந்து தின்னுங்களேன்" என்றாள் அவர் மனைவி சபீதா.

"பொன்செல்வி கூப்பிடவே இல்ல சபீதா."

"நல்லாயிருக்கே! கூப்பிட்டா, சோறு திங்க விடமாட்டேங்காளேன்னு அந்தப் பிள்ளைய ஏசுதீய. கூப்பிடலன்னா இப்படிக் கெடந்து அலையுதீய. அவ என்னதான் செய்வா?"

நியாயமான கேள்விதான். ஆனால் நூகுவிடம் நியாயம் எடுபடாது. அவர் பிறவி அப்படி. பஸ்ஸில் ஏறினால் இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே எழுந்து படிக்கட்டில் நிற்பார். நிக்காஹ் வீட்டில் பந்தி போடுவதற்குள் பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டு வருவார். உட்கார்ந்தால் வலது முழங்கால் தானாக ஆடும். சபீதா அதன்மேல் கையை வைத்து அமுக்குவாள். கையை எடுத்ததும் மறுபடி ஆடும்.

அவர் செய்கிற தொழிலை அவருடைய மாமியாருக்கு இன்றுவரை விளங்கவைக்க முடியவில்லை. "மருமவன் கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்காரு" என்றுதான் அந்த அம்மாள் தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறார். ரிப்பேர் இல்லை. அரிசி ஆலை, மரக்கடை, பள்ளிக்கூட ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று ஆற்றோரமாக உள்ள ஊர்களில் யாருக்கு விவரங்களைக் கம்ப்யூட்டரில் சேர்த்துவைக்க வேண்டுமோ, அவர்களுக்கு ஆக்சஸ் என்ற மென்பொருளில் ஏற்பாடு செய்து தருவார். இளவட்டங்கள் எல்லாம் வேறு எங்கெங்கோ போய்விட்டார்கள். நூகு இன்னமும் ஆக்சஸைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறார். அவர் வாடிக்கையாளர்களும் அவரைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

ஆக்சஸ் இருக்கிறதே, அது சரியான பயந்தாங்கொள்ளி. எதைச் செய்யச் சொன்னாலும் ஒரு சின்னப் பெட்டியைத் திரையில் போட்டுக் கேள்வி கேட்கும். இத்தனை வரிகளைச் சேர்க்கப் போகிறீர்கள், சம்மதமா? இதை அழித்தால் திரும்ப வராது, பரவாயில்லையா? எல்லாம் ஆபீசு இங்கிலீஷில். சவூதியில், தம்மாமில் ஒரு கம்பெனியின் தொழிலாளர் முகாமில் நூகு வேலை பார்த்தபோது, இந்தப் பெட்டிகளை யாரும் படிப்பதே இல்லை என்பதைக் கண்டுகொண்டார். பெட்டி வரும், விரல் எண்டரைத் தட்டும், பெட்டி போகும். ஒரு தடவை ஒரு கட்டடத்தில் இருந்தவர்கள் பேர் மொத்தத்தையும் ஒருவன் இப்படித்தான் அழித்துவிட்டு, "அது கேக்கவே இல்லியே" என்று சத்தியம் பண்ணினான். கேட்டிருந்தது. அவன் காதில் விழவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு நூகுவுக்குப் பிடித்த கிறுக்கு இது. ஊருக்குத் திரும்பி வந்ததும், யாருக்கு என்ன செய்துகொடுத்தாலும் மென்பொருள் தானாகக் கேட்கிற கேள்வியை அடக்கிவிட்டு, அந்த இடத்தில் அங்கே உட்கார்கிற ஆளோடு பேசுகிற மாதிரி ஒரு கேள்வியை எழுதிவைப்பார். சேரன்மகாதேவியில் அரிசி ஆலை வைத்திருக்கும் நாறும்பூநாதன் அழிக்கிற பொத்தானை அமுக்கினால் இப்படி வரும்: "அண்ணாச்சி, அழிச்சா அழிச்சதுதான். பொறவு நூகுவ ஏசப்படாது. அழிக்கவா?" நாறும்பூநாதன் அதைப் படித்துவிட்டு முதல் நாள் சிரித்த சிரிப்பில் ஆலையே திரும்பிப் பார்த்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர் கையில் ஒன்றும் தவறுதலாக அழியவில்லை. மரக்கடைக்காரர் வீட்டம்மா கணக்கு எழுதும் கம்ப்யூட்டரில், "மதினி, தேதி நாளைக்குள்ளதுல்லா போட்டிருக்கீய?" என்று வரும். எண்டரைத் தட்டினால் அந்தப் பெட்டி போகாது. அதற்கும் நூகு வழி செய்திருந்தார்.

இவ்வளவு தெரிந்த மனிதர் போன திங்கட்கிழமை செய்த காரியம்தான் இப்போது அவரை வீட்டுக்குள் நடக்கவிட்டிருந்தது.

அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை ஆழ்வார்குறிச்சியில் கண் ஆஸ்பத்திரி இலவச முகாம் போட்டிருந்தது. முகாமில் பதிந்த பேரையெல்லாம் மடிக்கணினியில் கொண்டுவந்து, திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக் கணினியில் சேர்க்க வேண்டும். ஆஸ்பத்திரி நூகுவுக்குப் புதிதாக வந்த வாடிக்கை. தமிழ்க் கேள்விகளை இன்னும் அவர் எழுதவில்லை. வரவேற்பில் இருக்கும் பொன்செல்வி பொத்தானைத் தட்டினால் ஒரு பெட்டி, சம்மதம் என்றால் இன்னொரு பெட்டி, அதற்கும் சம்மதம் என்றால் மூன்றாவதாக ஒன்று. எதிரே வரிசை வாசல் வரைக்கும் நின்றது. நூகு அப்போது குடும்பத்தோடு கடையநல்லூரில் ஒரு நிக்காஹுக்குப் போகிற வழியில் அங்கே இறங்கியிருந்தார். வெளியே வேன் ஆரன் அடித்துக்கொண்டிருந்தது. மச்சினன் தலையை நீட்டி நீட்டிக் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, இந்தக் கேள்வி கேக்குற பேய ஓட்டுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று பொன்செல்வி கும்பிட்டாள்.

பெட்டிகளை ஒவ்வொன்றாக மாற்றி எழுத அரை நாள் வேண்டும். ஆரன் சத்தம் விடவில்லை. நூகு நின்றபடியே குனிந்து ஒரே ஒரு வரி எழுதினார். எச்சரிக்கைகள் வேண்டாம் என்று ஆக்சஸுக்குச் சொல்கிற வரி அது. அதை எழுதிவிட்டால் அது எதையும் கேட்காது, எதையும் சொல்லாது.

"இப்போதைக்கு வாய அடைச்சிருக்கேன் பொன்செல்வி. நாளைக்கி வந்து தமிழ்ல எழுதித் தாரேன்."

"நீங்க பைய வாங்க அண்ணாச்சி. இப்பதான் எனக்கு மூச்சே வருது."

செவ்வாய்க்கிழமை ஆலையில் பிரிண்டர் மக்கர் பண்ணியது. புதன்கிழமை வேறொன்று. நாளைக்கு என்ற நாள் தள்ளித் தள்ளிப் போனது. ஆஸ்பத்திரியிலிருந்தும் ஒரு குரல் இல்லை. அந்த அமைதி அவருக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. பிறகு அதுவே உறுத்த ஆரம்பித்தது. ஏனென்றால் அந்த ஒரு வரி தொல்லை பிடித்த கேள்விகளை மட்டும் அடைக்காது. சில பேரைச் சேர்க்க முடியாமல் போனால், "இவர்களை என்னால் சேர்க்க முடியவில்லை" என்று ஆக்சஸ் சொல்கிற உருப்படியான ஒரு சேதியையும் சேர்த்து அடைத்துவிடும். அது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எழுதினார்.

இட்லித் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் பைக் சாவியை எடுத்தார்.

"எங்க கெளம்பிட்டீய?"

"வண்ணார்பேட்டைக்கு."

"அவதான் கூப்பிடலியே!"

"அதுக்குத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பொன்செல்வியும் அவரைப் பார்த்ததும் சபீதாவைப் போலத்தான் ஆச்சரியப்பட்டாள். "என்ன அண்ணாச்சி, நான் கூப்பிடவே இல்லியே? எல்லாம் நல்லா ஓடுது. சத்தமே இல்ல."

நூகு நாற்காலியை இழுத்துப் போட்டார். முகாமின் மடிக்கணினியைக் கேட்டு வாங்கினார். அதில் இருந்த பேர்களையும் ஆஸ்பத்திரிக் கணினியில் ஏறியிருந்த பேர்களையும் ஒட்டிப் பார்த்து, இதில் இருந்தும் அதில் ஏறாதவர்கள் யார் என்று காட்டச் சொன்னார். யாரும் இருக்கக் கூடாது என்று மனசுக்குள் துவா கேட்டார். திரையில் நாலு பேர் வந்து நின்றார்கள். நாலு பேருக்கும் ஒரே போன் நம்பர்.

அவருக்கு விளங்கிவிட்டது. ஒரே ஆளை இரண்டு தடவை பதிந்துவிடக் கூடாது என்று, ஒரு போன் நம்பர் ஒரு தடவைதான் ஏற வேண்டும் என அவரே கட்டுப்பாடு வைத்திருந்தார். பேரை நம்ப முடியாது, இந்தப் பக்கம் ஒரு தெருவில் எத்தனை இசக்கி இருப்பார்கள். போன் நம்பர் என்றால் ஆளுக்கொன்று என்று கணக்குப் போட்டார். இங்கே என்னடாவென்றால் ஐந்து பேர் ஒரே நம்பரைச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் வந்த ஆள் ஏறிவிட்டார். மற்ற நாலு பேரையும் கணினி சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டது. சொல்ல அதற்கு வாய் இல்லை.

நாலில் மூன்று பேருக்கு எதிரே 'கண்ணாடி' என்று இருந்தது. நாலாவது பேர் இசக்கி. பெண். வலது கண். நெல் உமி பட்டது. கருவிழியில் வெள்ளை. அதற்கு எதிரே முகாம் டாக்டர் 'உடனே' என்று போட்டிருந்தார்.

"பொன்செல்வி, 'உடனே'ன்னு போட்டவங்கள என்ன செஞ்சீய?"

"திங்கக்கெழம சாயங்காலமே போன் போட்டுச் சொல்லி, மறுநா வேன் அனுப்பிக் கூட்டியாந்துட்டோம்லா" என்று சொல்லிக்கொண்டே எட்டிப் பார்த்தவள், திரையைப் பார்த்ததும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "இந்தப் பேரு எனக்கு வரவே இல்லியே அண்ணாச்சி."

அறுவடைக் காலத்தில் இந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. உமி குத்தின இடத்தில் பூஞ்சை பிடித்தால், மருந்து விடாமல் போகிற ஒவ்வொரு நாளும் கண்ணைத் தின்றுகொண்டே போகும். ஞாயிறு போய், இன்றைக்குச் சனி.

நூகு அந்த நம்பரை அடித்தார். "தானியேல் ஸ்டோர்" என்றது ஒரு குரல். ஆழ்வார்குறிச்சிக்கு மேற்கே ஒரு தெருவில் பலசரக்குக் கடை.

"அண்ணாச்சி, கண் ஆஸ்பத்திரில இருந்து பேசுதேன். உங்க நம்பர ஏன் அஞ்சு பேரு குடுத்திருக்காவ?"

"அஞ்சா? பத்து இருபது பேரு குடுப்பாவளே. எல்லாருகிட்டயும் போன் உண்டும். ஆனா ரீசார்ஜ் தீந்து கெடக்கும், இல்லன்னா பிள்ளைய வெளையாடிக்கிட்டு எடுக்காது. நான்னா கடையில எப்பவும் இருப்பேன், சத்தம் போட்டுச் சொல்லிருவேன். கேஸ் சிலிண்டருக்கும் என் நம்பர்தான், பள்ளியூடத்துக்கும் என் நம்பர்தான். இப்ப என்ன?"

"இசக்கின்னு ஒரு அம்மா. கண்ணுல உமி பட்டவ."

தானியேல் குரலைத் தணித்தார். "அவளா? திங்கக்கெழம உங்க ஆளு கூப்பிட்டாவல்லா, பெருமாள்ராஜுக்குக் கண்ணாடி வருதுன்னு. நான் சத்தம் போட்டதும் இவளும் கண்ணப் பொத்திக்கிட்டே ஓடியாந்தா. என் பேரச் சொன்னாவளா அண்ணாச்சின்னு கேட்டா. இல்லட்டி, அடுத்து கூப்பிடுவாவ, இங்கனயே இருன்னேன். புதன்கெழம வரைக்கும் என் கட பெஞ்சுலதான் இருந்தா. டாக்டரம்மா சொல்லியிருக்காவளாம், நாங்களே கூப்பிடுவோம், அதுக்குள்ள வேற எங்கயும் போயி எதையும் விட்டுறாதன்னு. எங்கயும் போவலியே அவ. பொறவு எத்தன நாளைக்கி இருப்பா? வியாழக்கெழம வேலைக்கிப் போயிட்டா. சேர்மாதேவி பக்கம் ஏதோ களத்துல நெல்லு காயப்போட."

நூகு போனை வைக்கவில்லை. அது கையிலேயே இருந்தது. பொன்செல்விதான் வாங்கி வைத்தாள்.

"கம்ப்யூட்டர் கோளாறுன்னு சொல்லிருவோம் அண்ணாச்சி" என்றாள் மெதுவாக. அவளுக்கும் பயம். அவள் கேட்டதால்தானே அடைத்தார்.

"கம்ப்யூட்டரு சொல்ல வந்துச்சு. நாந்தான் வேண்டாம்னுட்டேன்" என்றார் நூகு. தலைக்கவசத்தை முன்பின்னாக மாற்றி மாட்டிக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

சேர்மாதேவி என்கிற சேரன்மகாதேவியில் களமெல்லாம் தெரிந்தவர் நாறும்பூநாதன்தான். பேட்டை தாண்டுவதற்குள் நூகு மூன்று தடவை வண்டியை நிறுத்தி அவருக்கு போன் போட்டார். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்து, "என்ன வே, பிரிண்டரு நல்லாத்தான் இருக்கு" என்றார். நூகு விஷயத்தைச் சொன்னதும் அவர் சத்தம் மாறியது. தன் களத்தில் ஆழ்வார்குறிச்சி ஆட்கள் இல்லை என்றும், யார் களத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டுச் சொல்வதாகவும் சொன்னார்.

வண்டி ஓடும்போது நூகுவின் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. வாழைத்தோப்பு வந்தது, வாய்க்கால் வந்தது, அறுத்த வயலில் கொக்கு நின்றது, எதுவும் அவர் கண்ணில் படவில்லை. கடை பெஞ்சுதான் தெரிந்தது. உள்ளே போன் அடிக்கும்போதெல்லாம் ஒரு பெண் எழுந்து நிற்பதும், சிலிண்டர்காரன் என்றதும் மறுபடி உட்காருவதும் தெரிந்தது. வேனில் ஆரன் அடித்த மச்சினன்மேல் கோபம் வந்தது. அது நிற்காமல் பொன்செல்விமேல் போனது, அங்கிருந்து நிக்காஹ் வீட்டின்மேல் போனது. பிறகு போவதற்கு ஆள் இல்லாமல் தன்மேலேயே திரும்பி வந்தது. அரை நாள் வேலை. நிக்காஹில் அவர் இல்லையென்றால் பிரியாணி வேகாதா?

சேரன்மகாதேவிக்குள் நுழையும்போதே நாறும்பூநாதன் ரோட்டில் நின்று கையாட்டினார். பக்கத்தில் ஆலையின் லோடு ஆட்டோ. "பைபாஸ்கிட்ட ஒரு களத்துல இருக்காளாம். நீரு முன்ன போவும், ஆட்டோ பின்னாலயே வரட்டும். பைக்குல தூசிக்குள்ள அந்தக் கண்ண வச்சுக் கூட்டிட்டுப் போவாதயும்" என்றார். நூகுவுக்கு அது தோன்றவே இல்லை.

களத்தில் நெல் விரிந்து கிடந்தது. நாலைந்து பெண்கள் வரிசையாகக் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு நடந்தார்கள். கடைசியாக வந்தவள் வலது கண்ணை மறைத்துச் சேலைத் துணியைக் குறுக்கே கட்டியிருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அந்த நெல் தூசியில் நின்றுகொண்டு, இருக்கிற கண்ணையும் சுருக்கிக்கொண்டு, யாரோ ஒரு ஆள் தன்னைப் பார்த்து ஓடிவருவதைப் பார்த்தாள்.

"இசக்கியா நீங்க? கண் ஆஸ்பத்திரில இருந்து வாரேன்மா. வாங்க, வண்டி நிக்கி."

அவள் நகரவில்லை. கோபமும் படவில்லை. "போன்லல்லா கூப்பிடுவோம்னு சொன்னாவ?" என்றாள். "நீங்க கூப்பிடுவீயன்னுதான் கட பெஞ்சுலயே இருந்தேன். கூப்பிடலியே."

நூகு அவளிடம் எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். லைன் கிடைக்கவில்லை என்றால் அவள் நம்பியிருப்பாள். வரும் வழியெல்லாம் அப்படி நாலு பதில் மனசுக்குள் எழுதியும் வைத்திருந்தார். வாய் திறந்ததும் அது ஒன்றும் வரவில்லை.

"தப்பு என்மேலம்மா. உங்க பேரு விட்டுப்போச்சுன்னு கம்ப்யூட்டரு சொல்லியிருக்கும். அது வாய நான் அடைச்சுட்டேன்."

"எதுக்கு அடைச்சீய?"

"சும்மாச் சும்மா கேள்வி கேட்டுச்சு. தொந்தரவா இருந்துச்சுன்னு."

இசக்கி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற பெண்கள் நெல் கிளறுவதை நிறுத்திவிட்டார்கள். "எனக்கும் அதான் பயமா இருந்துச்சு" என்றாள் அவள். "தானியேல் அண்ணாச்சிகிட்ட இன்னொருக்கா உங்களுக்குப் போன் போடச் சொல்லலாம்னு நெனச்சேன். தொந்தரவா இருக்குமேன்னு சொல்லல."

நூகு அவளை ஆட்டோவில் ஏற்றி உட்காரவைத்தார். நாறும்பூநாதன் ஆட்டோ டிரைவரிடம், "ஏலே, பள்ளம் பாத்து ஓட்டு" என்று அதட்டிவிட்டு, நூகுவின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஃபர்ஹத் அம்மா கண்ணைச் சோதித்துவிட்டு வெளியே வந்தார். சத்தம் போடுகிற டாக்டர் இல்லை அவர். சத்தம் போட்டிருந்தால் நூகுவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "பூஞ்சைதான்" என்றார். "கண்ணைக் காப்பாத்திரலாம்னு நினைக்கேன். செவ்வாய்க்கிழமை வந்திருந்தா பார்வையையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன். இப்பச் சொல்ல முடியல."

அவ்வளவுதான் சொன்னார். உள்ளே மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து விடுவதற்கு ஏற்பாடு செய்யப் போய்விட்டார். நூகு வார்டு வாசலில் நின்றார், நடந்தார், நின்றார். சபீதா போன் போட்டபோது, "எப்ப வருவீய?" என்ற கேள்விக்கு, "தெரியல" என்றார். அவள் வேறெதுவும் கேட்காமல், சாயங்காலம் இரண்டு பேருக்குச் சோறு கட்டி எடுத்துக்கொண்டு தானே வந்துவிட்டாள். ஒன்று இவருக்கு. இன்னொன்றை எடுத்துக்கொண்டு வார்டுக்குள் போய், இசக்கி பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். என்ன பேசினார்கள் என்று நூகுவிடம் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நூகு வரவேற்பு மேசையில் உட்கார்ந்தார். முதல் வேலையாக அந்த ஒரு வரியை எடுத்தார். ஒரு நம்பர் ஒருவருக்குத்தான் என்ற கட்டுப்பாட்டை எடுத்தார். யாருடைய பேராவது ஏறாமல் போனால் கணினி அங்கேயே நின்று, அந்தப் பேரைச் சொல்லி, வேறெந்த வேலையையும் செய்ய மாட்டேன் என்று அடம்பிடிக்கும்படி செய்தார். பிறகு தமிழ்ப் பெட்டிகளை எழுத உட்கார்ந்தார். மற்றவை எல்லாம் சீக்கிரம் முடிந்தன. ஒரே நம்பரில் இரண்டு மூன்று பேர் இருக்கும்போது வர வேண்டிய பெட்டிக்கு மட்டும் வார்த்தை வரவில்லை. எழுதினார், அழித்தார். முழங்கால் ஆடியது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து, தானாக எதையும் யோசிக்காமல், களத்தில் கேட்டதை எழுதினார். எண்டரைத் தட்டினால் போகாதபடியும் செய்தார். பெட்டிக்குள் வருகிற பேர்களில் ஒன்றை அமுக்கினால்தான் போகும்.

இரண்டு நாளில் பொன்செல்வி போன் போட்டாள். நூகு சோற்றில் கைவைத்திருந்தார்.

"அண்ணாச்சி, இந்தப் பெட்டி நூறு தடவ வருது. இந்த ஊரு பூரா கட நம்பர்தான் குடுக்காவ போல."

"வரட்டும்."

"எடுக்கச் சொல்லல அண்ணாச்சி. சும்மாதான் சொன்னேன்."

அவர் மறுகையால் போனைப் பிடித்துக்கொண்டு, அவள் வைக்கும்வரை வைக்காமல் இருந்தார்.

இசக்கி வீட்டுக்குப் போன பிறகு, சித்திரை முடிவில் மறுசோதனைக்கு வந்தாள். வலது கருவிழியில் வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. வெளிச்சம் தெரிகிறது, முன்னால் கை ஆடினால் தெரிகிறது, அதற்குமேல் இல்லை. பின்னால் மாற்றுக் கருவிழி வைத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு கண்ணுக்குத் தூரம் பிடிபடாமல் வரவேற்பு மேசையின் விளிம்பைத் தடவிப் பார்த்துக் கையை வைத்தாள். நூகு அன்று அங்கேதான் இருந்தார். அவள் வரும் நாள் அவருக்குத் தெரியும்.

"நம்பர் அதேதானக்கா?" என்று பொன்செல்வி கேட்டாள்.

"அதேதான். தானியேல் அண்ணாச்சி கட."

பொன்செல்வி தட்டினாள். பெட்டி வந்தது. வர வர அவளுக்கு அதை வாய்விட்டுப் படிக்கிற பழக்கம் வந்துவிட்டது. அன்றும் யோசிக்காமல் படித்தாள்: "இந்த நம்பர்ல இன்னும் ஆளு இருக்காவ. நீங்க கூப்பிடுவீயன்னு கட பெஞ்சுலயே இருக்காவ. பேரு கேட்டுக் கூப்பிடுங்க."

படித்து முடித்த பிறகுதான் எதிரே நிற்பது யாரென்று அவளுக்கு உறைத்தது. அவள் நூகுவைப் பார்த்தாள். நூகு தரையைப் பார்த்தார்.

இசக்கி பதறிப்போய் மேசைமேல் குனிந்தாள். "யாரு தாயி அது? எத்தன நாளா இருக்காவளாம்? மொதல்ல அவுகளக் கூப்பிடு. நான் இருக்கேன், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு, சுவரோரம் கிடந்த பெஞ்சைக் கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள்.